கம்ப்யூட்டர மாத்துனா மேட்ச் கிளியரா வருமா? 45 ஆயிரம் போடலாமா வேணாமான்னு சொல்லுங்க

மூணாறு_தலைப்பு
26 அக்டோபர் 2025, காலை 10:12

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நீடாமங்கலம் பக்கம் கிராமம் நமக்கு. அப்பாவுக்கு கிரிக்கெட்னா உசுரு. டிவிக்கு ரீசார்ஜ் பண்றத நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப மேட்ச் எல்லாம் கம்ப்யூட்டர்லதான் ஓடுது. பிரச்சனை என்னன்னா பவுலர் ஓடியாரவரைக்கும் நல்லாருக்கு, பேட்ஸ்மேன் அடிச்ச உடனே கேமரா திரும்பும் பாருங்க, அப்ப புல்லு மொத்தமும் பச்சையா மெழுகி விட்ட மாதிரி ஆயிடுது, ஆளு மூஞ்சி கட்டம் கட்டமா ஒடையுது, பந்து எங்க போச்சுன்னே தெரியல. போன வருஷம் ஜூன் 29 டி20 உலகக்கோப்பை ஃபைனல்ல கடைசி ஓவர் முத பந்து மில்லர் தூக்கி அடிச்சத சூர்யகுமார் பவுண்டரி ஓரத்துல புடிச்சாரே, ஊரே கத்துச்சு, எங்க வீட்டு ஸ்கிரீன்ல கயிறு எது ஷூ எதுன்னு பிரிச்சே பாக்க முடியல. அப்பா அவுட்டா சிக்ஸான்னு என்னைய கேக்குறாரு, எனக்கும் தெரியல. அன்னைலேர்ந்து இத சரி பண்ணணும்னு மனசுல ஓடிட்டே இருக்கு.

நம்ம சிஸ்டம் 2014ல தஞ்சாவூர்ல அசம்பிள் பண்ணது. ஐ3 நாலாவது ஜெனரேஷன், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, பதினெட்டரை இன்ச் மானிட்டர், விஜிஏ வயர். நெட்டு ஊர்ல கேபிள்காரர்ட்ட ஃபைபர், 50 எம்பிபிஎஸ் பிளான். ரூட்டர் ரேழில இருக்கு, கம்ப்யூட்டர் ரெண்டாங்கட்டுல, நடுவுல முத்தம். யுஎஸ்பி வைஃபை டாங்கிள் போட்டுருக்கேன். ஸ்பீடு டெஸ்ட் போட்டா போன்ல 48 காட்டுது, அதனால நெட்டு குத்தம் இல்லன்னுதான் நெனைக்கிறேன்.

கடையில கேட்டா ப்ராசஸர் ரொம்ப பழசு, கிராஃபிக்ஸ் கார்டோட புதுசா போட்டீங்கன்னா படம் சும்மா கண்ணாடி மாதிரி வரும், 45 ஆயிரம் ஆகும்னு சொல்றாங்க. குறுவை நெல்லு போட்ட காசு கையில இருக்கு, சம்பாவுக்கு உரம் மருந்துன்னு அதுலதான் எடுக்கணும், அதனால போட்டு ஏமாந்துறக் கூடாது. புது கம்ப்யூட்டர் போட்டா நெஜமாவே மேட்ச் தெளிவா வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடந்தை_பிசி
26 அக்டோபர் 2025, காலை 11:40

தம்பி காச எடுக்காதீங்க, ரெண்டு நாள் பொறுங்க. கும்பகோணத்துல பதினஞ்சு வருஷமா சர்வீஸ் பாக்குறேன், இதே கேள்விய ஐபிஎல் சீசன்ல வாரத்துக்கு நாலு பேரு கொண்டாருவாங்க.

நீங்க சொல்ற நோவு ரெண்டு வகை. ஒண்ணு படம் மெழுகுன மாதிரி, கட்டம் கட்டமா வர்றது. இன்னொண்ணு படம் தெளிவா இருக்கும் ஆனா விக்கி விக்கி ஓடும், ஆளு ஓடுறது தவக்களை தாவுற மாதிரி இருக்கும். முதல் வகை கம்ப்யூட்டர் பண்றது இல்ல. அங்கேர்ந்து வர்ற வீடியோவே அப்படித்தான் வருது. ஒரே மேட்ச சர்வர்ல 360, 480, 720, 1080ன்னு (மேலேர்ந்து கீழ எத்தன புள்ளி வரிசைங்குற கணக்கு) அஞ்சாறு தரத்துல வச்சிருப்பாங்க, ஒவ்வொண்ணையும் சில செகண்டு துண்டா வெட்டி வச்சிருப்பாங்க. உங்க பிளேயர் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு வேகமா வந்துச்சுன்னு பாத்து அடுத்த துண்டு எந்த தரத்துல கேக்கலாம்னு முடிவு பண்ணும். நெட்டு கொஞ்சம் தடுமாறுச்சுன்னா சொல்லாம கொள்ளாம 480க்கு எறங்கிரும். 480 ஆ வந்தத ஒரு லட்ச ரூவா கம்ப்யூட்டர்ல போட்டாலும் 480தான். கார்டுலயே ஏஐ வச்சு சின்ன வீடியோவ பெருசாக்கி தீட்டிக் காட்டுற வசதி 2023லேர்ந்து என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டுல இருக்கு, பாத்துருக்கேன், ஓரம் எல்லாம் கொஞ்சம் கூர்மையா தெரியும். ஆனா கட்டமா ஒடைஞ்சு போன புல்ல அதால திருப்பி மொளைக்க வைக்க முடியாது. கயிறுக்கும் ஷூவுக்கும் நடுவுல இருந்த இடைவெளி வர்ற வீடியோவுலயே அழிஞ்சு போச்சுன்னா எந்த கார்டும் அத கண்டுபுடிச்சுத் தராது.

ஏன் அடிச்ச உடனே மட்டும் கெடுதுன்னு கேட்டீங்கள்ல. வீடியோவ சுருக்குறதே முந்தின ஃப்ரேமுக்கும் (ஃப்ரேம்னா வீடியோல ஒரு தனிப் படம்) இந்த ஃப்ரேமுக்கும் என்ன மாறுச்சோ அத மட்டும் அனுப்புறதுலதான் இருக்கு. நியூஸ் வாசிக்கிறவங்க பின்னாடி செவுரு அப்படியே நிக்கும், அனுப்ப வேண்டியது கம்மி. கிரிக்கெட்ல கேமரா சர்ர்ருன்னு திரும்பும்போது ஒவ்வொரு புல்லும், கேலரில இருக்குற ஒவ்வொரு தலையும் எடம் மாறுது. அவ்வளவையும் அதே அளவு பிட்ல அடைக்கணும்னா அது விவரத்த தூக்கிப் போட்டுரும். அதனாலதான் ஒரே நெட்டுல சினிமா கண்ணாடியா ஓடும், மேட்ச் கலங்கும்.

இப்ப ரெண்டாவது வகை, அதுல உங்க ஐ3 மேல சந்தேகம் இருக்கு. நாலாவது ஜெனரேஷன் சிப்புல எச்.264னு ஒரு முறையில சுருக்கி வர்ற வீடியோவ பிரிக்க தனி சர்க்யூட் இருக்கு, ஜாலியா ஓடும். விபி9னு ஒரு வகை இருக்கு, யூடியூப் பெரும்பாலும் அதத்தான் தரும், அதுக்கு சரியான வசதி இன்டெல்ல ஏழாவது ஜெனரேஷன்லதான் வந்துச்சு. அதுக்கும் புதுசான ஏவி1னா பதினொண்ணாவது ஜெனரேஷன். இல்லாத சிப்புல ப்ராசஸரே மாங்கு மாங்குன்னு உக்காந்து கணக்கு போடணும். இதத்தான் டெஸ்ட் பண்ணணும். யூடியூப்ல ஏதாவது ஒரு மேட்ச் ஹைலைட்ஸ 1080ல போட்டு, படத்து மேல ரைட் கிளிக் பண்ணி 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்'ன்னு வரும் அத தொறங்க. அதுல கோடெக், அதாவது சுருக்குற முறை எதுன்னு இருக்கும், ஏவிசி1னா எச்.264, விபி09னா விபி9. ட்ராப்டு ஃப்ரேம்ஸ்ன்னு, அதாவது காட்ட முடியாம விட்ட ஃப்ரேம், ஒரு எண்ணிக்கை ஓடும். அது ஏறிட்டே போச்சுன்னா உங்க கம்ப்யூட்டர் திணறுது. ஏறலன்னா கம்ப்யூட்டர் மேல பழி இல்ல. கூடவே டாஸ்க் மேனேஜர்ல சிபியு எவ்வளவு சதவீதம்னு பாருங்க. குரோம் செட்டிங்ஸ்ல சிஸ்டம் பகுதியில ஹார்டுவேர் ஆக்சலரேஷன் ஆன்ல இருக்கான்னும் பாத்துக்கங்க, நெறைய பேருக்கு யாரோ எப்பவோ ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க.

ரேம் கூட்டுனா, எஸ்எஸ்டி போட்டா படம் தெளிவாகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கம்ப்யூட்டர் சீக்கிரம் ஆன் ஆகும், நாலு விண்டோ தொறந்தா தொங்காது, அதுவும் நல்லதுதான், ஆனா புல்லு புல்லாத் தெரியறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

கொள்ளிடம்77
26 அக்டோபர் 2025, மதியம் 2:05

நான் மாத்துனவன், அதனால சொல்றேன். எங்கிட்ட கோர் 2 டியோ இருந்துச்சு, நாலாவது ஜெனரேஷனுக்கும் முந்தினது. 2023 ஐபிஎல் ஃபைனல் மழையில தள்ளிப் போயி நடுராத்திரி தாண்டி முடிஞ்சுதே, ஜடேஜா கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சாரே, அந்த கடைசி பந்துல எங்க வீட்ல படம் நின்னு போச்சு, சத்தம் மட்டும் வருது. மறுநாளே முடிவு பண்ணி புதுசு வாங்கிட்டேன், பன்னெண்டாவது ஜெனரேஷன் ஐ3, கார்டு எதுவும் போடல. நிக்கிறது விக்கிறது மொத்தமா போச்சு, அந்த விஷயத்துல வாங்குனதுக்கு வருத்தமே இல்ல. ஆனா தெளிவு? பழசுல எவ்வளவு மங்கலோ புதுசுலயும் அவ்வளவு மங்கல். ஒரு வாரம் மண்டைய ஒடைச்சுக்கிட்டு அப்பறம்தான் விஷயம் புரிஞ்சுது.

காசு கட்டிப் பாக்குற ஆப்பெல்லாம் வீடியோவ பூட்டு போட்டுத்தான் அனுப்புறாங்க. அந்தப் பூட்டுல லெவல் இருக்கு. ஆண்ட்ராய்டு டிவி, நல்ல போனு, டிவில சொருகுற ஸ்டிக் இதுலல்லாம் எல்1, ஹார்டுவேர்லயே பூட்டு. விண்டோஸ்ல குரோம் பெரும்பாலும் எல்3, வெறும் சாஃப்ட்வேர் பூட்டு, அதனால திருட்டு பயத்துல சில ஆப் பிரவுசருக்கு பெரிய தரத்த விடுறதே இல்ல, 4கேயெல்லாம் கேக்கவே வேணாம். அதே அக்கவுன்ட்ட அண்ணன் வீட்டு டிவில போட்டா 1080, என் புது கம்ப்யூட்டர்ல அத விட கம்மி. அதனால தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி அதே ஆப்ப நல்ல போன்ல, அதே வைஃபைல, அதே நேரத்துல போட்டுப் பாருங்க. போன்ல புல்லு தெளிவா தெரிஞ்சு கம்ப்யூட்டர்ல மட்டும் கலங்குனா பூட்டாவோ பிரவுசராவோ டாங்கிளாவோ இருக்கும். ரெண்டுலயும் கலங்குனா நெட்டு.

ஃபைபர்_மன்னை
26 அக்டோபர் 2025, இரவு 9:31

மன்னார்குடி பக்கம் ஃபைபர் வேல பாக்குறேன். எல்லாரும் கம்ப்யூட்டர பேசுறீங்க, அவர் எழுதுனதுல எனக்கு கண்ணுல பட்டது ரேழி, முத்தம், ரெண்டாங்கட்டு. பழைய வீடா தம்பி? சுண்ணாம்புக் கார செவுரு ஒன்றரை அடி இருக்குமே. ரேழி செவுரு ஒண்ணு, கூடத்து செவுரு ஒண்ணு, வைஃபை ரெண்டையும் தாண்டி வந்து சிபியு பின்னாடி தகர டப்பாவுக்கு ஒளிஞ்சிருக்குற டாங்கிள தேடணும். நீங்க ஸ்பீடு டெஸ்ட் போட்டது போன்ல, அதுவும் ரேழில நின்னுதானே? அது டாங்கிளோட வேகம் இல்ல. ரெண்டாங்கட்டுல கம்ப்யூட்டர்லயே போட்டுப் பாருங்க. பகல் பதினொரு மணிக்குப் போடாதீங்க, மேட்ச் ஓடுறப்ப ராத்திரி எட்டரைக்குப் போடுங்க.

இன்னொண்ணு, டாங்கிள பின்னாடி நீலக் கலர் யுஎஸ்பி 3 போர்ட்டு பக்கத்துல சொருகிருந்தீங்கன்னா அந்த போர்ட்டுல ஏதாவது பென்டிரைவ் ஓடும்போது வர்ற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைய நேரா அடிக்கும். ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி டாங்கிள மேசை மேல தூக்கி வச்சாலே பாதி சரியாகும். ஆனா என் பேச்சைக் கேட்டீங்கன்னா டாங்கிள கழட்டிப் போட்டுட்டு லேன் வயர் இழுத்துருங்க. கேட்6 வயர் 100 மீட்டர் வரைக்கும் போகும், உங்களுக்கு 25 மீட்டர் போதும். ஓட்டுக்கு கீழ சட்டத்துல கிளிப் அடிச்சு கொண்டு போங்க, முத்தத்து வெயில் மழை படாம பைப்புல விட்டுருங்க.

நெட்டு எவ்வளவு வேணும்னு சொல்றேன். 1080 மேட்சுக்கு 5லேர்ந்து 8 எம்பிபிஎஸ் இருந்தா தாராளம். உங்க 50ல ஏழு வீடு பாக்கலாம். அதனால பிளான 100க்கு ஏத்துங்கன்னு யாராவது சொன்னா அதுக்கும் தலையாட்டாதீங்க. எங்க லைன்ல ஒரு போர்ட்டுக்கு ரெண்டரை ஜிபிபிஎஸ் (2,500 எம்பி) கிட்ட கீழ வரும், அத 64 வீட்டுக்குப் பிரிச்சாலும், 64 பேரும் ஒரே நேரத்துல 6 எம்பியில மேட்ச் பாத்தா கூட 384 எம்பிதான் ஆகுது. அதனால தெருவுல உள்ள கண்ணாடி இழை நெரிசல் ஆகாது. நெரியிறது மேல, ஆபரேட்டர் வெளியேர்ந்து எவ்வளவு வாங்கி வச்சிருக்காருங்குறதுல. 2023 உலகக்கோப்பை ஃபைனல் அன்னைக்கு ஒரு ஆப்ல மட்டும் ஒரே நேரத்துல 5.9 கோடி பேரு பாத்தாங்க. அன்னைக்கு எனக்கு வந்த போனுக்கு கணக்கே இல்ல, எல்லா வீட்லயும் லைட்டு பச்சையாத்தான் எரியுது, லைன்ல கோளாறே கெடையாது, ஆனா படம் ஒடையுது. அந்த மாதிரி நாள்ல கஸ்டமர் வீட்ல நின்னுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாம இருக்குறது ரொம்ப கஷ்டமா இருக்கும்.

வேற ஒண்ணு பாக்கணும்னா உங்க ஃபைபர் பெட்டியோட பேஜ்ல உள்ள போயி ஆப்டிகல் பவர், அதாவது இழையில வந்து சேர்ற வெளிச்சம் எவ்வளவுன்னு பாருங்க. மைனஸ் 15லேர்ந்து மைனஸ் 25 வரைக்கும் நல்லது. மைனஸ் 27 தொட்டுச்சுன்னா பெட்டி தடுமாற ஆரம்பிக்கும். நம்ம பக்கம் தென்னமட்டை வயர் மேல ஒரசிட்டே கெடக்கும், அணில் கடிச்சிரும், மழைக்கு ஜாயின்டுல தண்ணி எறங்கும். ஐப்பசி வந்தாலே எனக்கு இதுதான் வேல.

நாகை_அலை
27 அக்டோபர் 2025, காலை 7:20

மானிட்டர யாருமே சொல்லலியே. பதினெட்டரை இன்ச் அந்தக் காலத்து மானிட்டர்னா 1366க்கு 768 தான் இருக்கும். அதுல 1080 வந்தாலும் முழுசா காட்ட எடம் இல்ல. யூடியூப் மாதிரி பிளேயரெல்லாம் ஆட்டோல விட்டா ஸ்கிரீன் அளவப் பாத்து 720தான் எடுக்கும். அதுலயும் விஜிஏ வயரு அனலாக், எழுத்து ஓரமே லேசா கரைஞ்சுதான் தெரியும். தெளிவுக்குன்னே செலவு பண்ணணும்னு நெனச்சீங்கன்னா 1080 மானிட்டரோ, வீட்ல சும்மா கெடக்குற டிவியோ எச்டிஎம்ஐ வயர்ல மாட்டுறதுக்கு பண்ணுங்க. அப்பா இருக்குற வீடு, பெரிய ஸ்கிரீன் கண்ணுக்கும் நல்லது. உங்க போர்டுல எச்டிஎம்ஐ இருக்கான்னு பின்னாடி பாருங்க, நாலாவது ஜெனரேஷன் போர்டுல நெறையாவே குடுத்துருப்பாங்க.

அடுத்து ஒரு சின்ன விஷயம், இத எனக்கு யாரும் சொல்லித் தரல, நானா தடவித் தடவி கண்டுபுடிச்சேன். நம்ம நாட்டு டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவங்குற கணக்கு. மேட்ச் ஸ்ட்ரீமும் 25 இல்லன்னா 50 ஃப்ரேமாத்தான் வரும். கம்ப்யூட்டர் மானிட்டர் 60ல ஓடும். 50அ 60ல காட்டணும்னா அஞ்சு ஃப்ரேமுக்கு ஒரு ஃப்ரேம ரெண்டு தடவ காட்டியாகணும், அதனால பந்து உருண்டு ஓடுறப்ப கேமரா திரும்புறது ஒரு சீரா இல்லாம லேசா இடறும். பல பேரு இத நெட்டு பிரச்சனைன்னு நெனைப்பாங்க. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு போனா ரெஃப்ரெஷ் ரேட் இருக்கும், டிவி மாட்டிருந்தா பெரும்பாலும் 50ன்னு ஒண்ணு காட்டும், அத வைங்க. கார்டு மாத்தாம காசு செலவாகாம கிடைக்கிற மாத்தம் இது.

அப்பறம் டீக்கடை டிவில விக்கெட் விழுந்து ஊரு கத்தி முடிச்சப்பறம்தான் நம்ம வீட்ல பவுலர் ஓடியாருவான், அதுக்கும் புது கம்ப்யூட்டர் மருந்து இல்ல. துண்டு துண்டா வெட்டி, சுருக்கி, சேத்து வச்சு ஓட்டுறதுல போற நேரம் அது.

மூணாறு_தலைப்பு
31 அக்டோபர் 2025, காலை 8:50

அண்ணன்மாருக்கெல்லாம் ரொம்ப நன்றி. சொன்ன எல்லாத்தையும் பண்ணிப் பாத்தேன், ஒவ்வொண்ணா எழுதுறேன்.

மொதல்ல யூடியூப் டெஸ்ட். விபி09ன்னுதான் வந்துச்சு. 1080ல 50 ஃப்ரேம் ஹைலைட்ஸ் ஒண்ணு போட்டேன், சிபியு 95, 98ன்னு நிக்குது, ட்ராப்டு ஃப்ரேம்ஸ் பத்து நிமிஷத்துல ஆயிரத்த தாண்டிருச்சு. அப்ப குடந்தை அண்ணன் சொன்ன மாதிரி விக்கிறது நம்ம ஐ3 தான். தேடிப் பாத்து எச்264இஃபைன்னு ஒரு குரோம் எக்ஸ்டென்ஷன் போட்டேன், அது யூடியூப எச்.264லேயே தர வைக்குது. சிபியு 30க்கு வந்துருச்சு, ட்ராப் எண்ணிக்கை அப்படியே நின்னு போச்சு. 1080க்கு மேல கிடைக்காதாம், நமக்கு அது வேண்டாம்.

கம்ப்யூட்டர்லயே ஸ்பீடு டெஸ்ட் ராத்திரி எட்டரைக்குப் போட்டேன். டாங்கிள்ல 4, ஒரு தடவ 7, ஒரு தடவ 2. போன்ல நான் பாத்த 48 எங்க இது எங்க. செவ்வாய்க்கிழமை மன்னார்குடி போயி 25 மீட்டர் வயர் வாங்கியாந்து நானும் தம்பியும் சட்டத்துல அடிச்சு இழுத்துட்டோம், இப்ப அதே நேரத்துல 46 காட்டுது. டிவி ஒண்ணு சும்மாதான் கெடந்துச்சு, எச்டிஎம்ஐல மாட்டி 50 ஹெர்ட்ஸ் வச்சிட்டேன்.

நேத்து பெண்கள் உலகக்கோப்பை செமி ஃபைனல், ஆஸ்திரேலியா 338 அடிச்சத நம்ம பொண்ணுங்க தொரத்துனாங்க பாருங்க. அப்பா நாற்காலிய விட்டு எந்திரிக்கல. ஜெமிமா 127 நாட் அவுட், அந்தப் புள்ள கடைசில அழுதப்ப கண்ணுல தண்ணி நிக்கிறது வரைக்கும் தெரிஞ்சுது. அப்பாவும் கண்ணத் தொடச்சிக்கிட்டாரு. ஃபீல்டர் டைவ் அடிச்சா புல்லு பறக்குறது தெரியுது. கேமரா வேகமா திரும்புறப்ப இப்பவும் லேசா கலங்குது, ஆனா பந்து எங்க போகுதுன்னு கண்ணு போகுது.

ரெண்டு விஷயம் மட்டும் பாக்கி. கடையில மறுபடி போன் பண்ணி விண்டோஸ் 10 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு, இனிமே கம்ப்யூட்டரே ஓடாதுங்குறாங்க, அது உண்மையா? அப்பறம் மழை பெஞ்சா ரெண்டு மூணு தடவ படம் சுத்திட்டு நிக்குது. ஃபைபர் பெட்டியில ஆப்டிகல் பவர் மைனஸ் 26.9 காட்டுது. ஞாயித்துக்கிழமை தென்னாப்பிரிக்காவோட ஃபைனல், அதுக்குள்ள ஏதாவது பண்ண முடியுமா?

குடந்தை_பிசி
31 அக்டோபர் 2025, காலை 10:15

ஓடாதுங்குறது தப்பு தம்பி. சப்போர்ட் முடிஞ்சது உண்மை, இனிமே பாதுகாப்பு அப்டேட் சும்மா வராது. வீட்டு யூசருக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு குடுத்துருக்காங்க, 2026 அக்டோபர் 13 வரைக்கும், செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துலயே பதிவு பண்ணிக்கலாம். பண்ணிருங்க. விண்டோஸ் 11க்கு எட்டாவது ஜெனரேஷன் வேணும், உங்க போர்டுல முறைப்படி ஏறாது. அதனால அடுத்த குறுவைக்குள்ள கம்ப்யூட்டர் மாத்தத்தான் வேணும், குறிப்பா அதுல பேங்க் வேல பாத்தீங்கன்னா. ஆனா அது மேட்சுக்காக இல்ல. வாங்குறப்ப பதினொண்ணாவது ஜெனரேஷனுக்கு மேல எதுவா இருந்தாலும் தனி கார்டு இல்லாமலே ஏவி1 வரைக்கும் ஓடும், 45 ஆயிரம் தேவைப்படாது.

ஃபைபர்_மன்னை
31 அக்டோபர் 2025, காலை 10:48

மைனஸ் 26.9 ரொம்ப ஓரத்துல நிக்குது, மழைக்கு இன்னும் கொஞ்சம் கொறைஞ்சா விட்டுரும். உங்க கேபிள்காரருக்கு இப்பவே போன் பண்ணுங்க, ஆனா வெறுமன நெட்டு ஸ்லோன்னு சொல்லாதீங்க, பவர் மைனஸ் 26.9 இருக்கு, ஜாயின்டும் வீட்டு கனெக்டரும் பாக்கணும்னு அந்த எண்ணையே சொல்லிக் கேளுங்க. எண்ணு சொன்னா ஆளு உடனே வருவாங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி போஸ்ட்லேர்ந்து உங்க வீடு வரைக்கும் வயர கண்ணால பாத்துட்டே நடந்து வாங்க, எங்கயாவது மட்டை சாஞ்சு கெடக்கா, வயர் சுருக்குன்னு மடிஞ்சிருக்கா, ஆணில சுத்தி இறுக்கிருக்கான்னு பாருங்க. விரல் கனத்துக்கு மடிஞ்சிருந்தா அங்கயே வெளிச்சம் கசியும். பச்சைத் தலை கனெக்டர நீங்களா புடுங்கித் துணியில தொடைக்காதீங்க, கீறல் விழுந்துரும். சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி எண்ணப் பாத்து இங்க போடுங்க, மைனஸ் 22, 23க்கு வந்துருந்தா போதும். பெட்டிக்கும் ரூட்டருக்கும் சேத்து ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தா யார்ட்டயாவது வாங்கி வச்சுக்கங்க, ஞாயித்துக்கிழமை மழை இருந்து கரண்டு ஒரு நொடி சிமிட்டுனா கூட பெட்டி திரும்ப எந்திரிக்க ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள ஒரு ஓவரே போயிரும்.